கேம்பர்வேன் மக்கர் செய்தால்: சிட்னி–மெல்போர்ன் கடலோரச் சாலையில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு உள்நாட்டு ஹியூம் நெடுஞ்சாலையில் கிளம்பினால் ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள் நாலு நண்பர்கள் போன அக்டோபரில் அந்த வழியை விட்டுவிட்டு, கடலை ஒட்டி வளைந்து போகும் பிரின்சஸ் நெடுஞ்சாலையை எடுத்தோம். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்பது நாள், வாடகைக்கு ஒரு டொயோட்டா ஹையேஸ் கேம்பர்வேன், மேலே இரண்டு பேர் கீழே இரண்டு பேர் படுக்கை. கயாமா, ஜெர்விஸ் பே, நரூமா, ஈடன், மல்லகூட்டா, லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்று நிறுத்தி நிறுத்திப் போனோம். வேனில் வரக்கூடிய தொல்லைகளில் பாதி எங்களுக்கே வந்தது, மீதியில் சில பக்கத்து வேன்காரர்களுக்கு வந்து நாங்கள் போய் டார்ச் பிடித்தோம்.

அதில் கற்றதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். நான் பார்த்தவரை முக்கால்வாசி நேரம் வேனில் எதுவும் உடைந்திருக்காது. கரண்ட், தண்ணீர், கேஸ் மூன்றும் அளவாக இருக்கிற ஒரு பெட்டிக்குள் நாம் வீட்டுப் பழக்கத்தோடு ஏறிவிடுகிறோம், அதுதான் காரணம். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் "கடைசியாக நாம் என்ன செய்தோம்" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வேனை எடுத்த நாளே, பகல் வெளிச்சத்தில், எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாங்கள் ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, பார்க்கிங்கிலேயே பம்ப், விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் போட்டுப் பார்த்தோம். சிட்னி இன்னும் பக்கத்தில் இருக்கும்போதே குறை தெரிந்தால் திரும்பிப்போய் மாற்றிக்கொள்ளலாம், ஈடனுக்குப் போன பிறகு அது முடியாது.

ஓடும்போது ஏதாவது ஆனால் மட்டும் வேறு வரிசை. இடது ஓரம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒதுங்கி, ஹசார்டு விளக்கு போட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்ற பிறகுதான் மற்ற பேச்சு.

நடு இரவில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, விளக்கு மங்குகிறது

அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேனில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. இன்னொன்று ஃபிரிட்ஜ், விளக்கு, பம்ப், போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும், அதை ஹவுஸ் பேட்டரி என்பார்கள். ஃபிரிட்ஜ் நின்றால் முதலில் வோல்ட் காட்டும் சின்னத் திரையைப் பாருங்கள். வாடகை வேன்களில் பெரும்பாலும் ஏஜிஎம் பேட்டரிதான் (மூடிய ஈய-அமில பேட்டரியில் ஒரு வகை). எதுவும் ஓடாத நிலையில் 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே என்றால் காலி. லித்தியம் பேட்டரி என்றால் இந்தக் கணக்கு உதவாது, அது கிட்டத்தட்டக் கடைசிவரை 13 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று மொத்தமாக அணைந்துவிடும். அதற்குச் சதவீதம் காட்டும் மானிட்டர்தான் வேண்டும்.

வோல்ட் நன்றாக இருந்தும் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்றால் சிக்கல் வழியில் எங்கோ இருக்கிறது. பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சிகரெட் லைட்டர் மாதிரியான துளையில் செருகும் பிளக் ஆட்டத்தில் தளர்ந்துவிடும், தளர்ந்த பிளக் சூடாகும், சூடான இடத்தில் வோல்ட் குறையும். பேட்டரியில் 12.4 இருக்கும்போதே ஃபிரிட்ஜுக்கு 11 சொச்சம்தான் போய்ச் சேரும், அது பேட்டரி காலி என்று நினைத்துத் தன்னை அணைத்துக்கொள்ளும். அழுத்திச் செருகிப் பாருங்கள். அப்புறம் ஃபியூஸ், அப்புறம் இருக்கைக்கு அடியில் இருக்கும், பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் சிவப்பு ஐசொலேட்டர் சுவிட்ச் (பை உரசி அது தானாகத் திரும்பியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்). சில ஃபிரிட்ஜ்களில் பேட்டரி பாதுகாப்புக்கு ஹை, மீடியம், லோ என்று மூன்று அளவு இருக்கும். ஹையில் வைத்தால் சீக்கிரமே அணைந்துவிடும். அது எஞ்சின் பேட்டரியிலிருந்து ஓட்டுபவர்களுக்கான அளவு, தனி ஹவுஸ் பேட்டரி இருந்தால் மீடியம் போதும்.

வோல்ட் குறைவாக இருந்தால் அது கணக்குப் பிழை. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும் நேரத்தில் 3 முதல் 5 ஆம்ப் எடுக்கும், ஒரு நாளைக்குச் சராசரியாக 30, 40 ஆம்ப்-மணி ஆகிவிடும். 100 ஆம்ப்-மணி ஏஜிஎம் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். அதாவது வேன் அசையாமல் நின்றால் உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய ஒன்றரை நாள் கரண்ட்தான். நாங்கள் ஜெர்விஸ் பேயில் இரண்டு இரவு மர நிழலில் நிறுத்தியிருந்தோம், கடலும் மணலும் அவ்வளவு அழகு, கிளம்ப மனமே வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்தால் தோசை மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, முட்டை அட்டை மேலெல்லாம் வழிந்திருந்தது. ஃபிரிட்ஜ் எத்தனை மணிக்கு நின்றது என்று மாவின் புளிப்பே சொல்லிவிட்டது.

"வண்டி ஓட்டினால் சார்ஜ் ஆகிவிடுமே" என்று நாங்களும் நினைத்தோம். ஆகும், ஆனால் மெதுவாக. 25 ஆம்ப் சார்ஜர் என்றால் 50 ஆம்ப்-மணி ஏற இரண்டு மணி நேரம், கடைசி இருபது சதவீதம் இன்னும் மெதுவாக ஏறும். இந்தக் கடற்கரையில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் முக்கால் மணி நேரம்தான், இருபது நிமிடம் ஓட்டி, இறங்கிக் குளித்து, இன்னும் இருபது நிமிடம் ஓட்டினால் பேட்டரி நிறையாது. கூரையில் சோலார் இருந்தால் நிழலை விட்டு வெயிலில் நிறுத்துங்கள், ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே வரத்து பாதியாகிவிடும். எங்கள் தீர்வு இதுதான்: மூன்று இரவுக்கு ஒரு இரவு கரண்ட் இருக்கும் கேரவன் பார்க்கில் தங்குவது, ஃபிரிட்ஜை 4 டிகிரியில் வைத்து அதற்குக் கீழே இறக்காமல் இருப்பது, சூடான குழம்பை உள்ளே வைக்காமல் ஆற விடுவது.

இன்வெர்ட்டரில் ரைஸ் குக்கர் போடாதீர்கள். 600 வாட் குக்கர் 12 வோல்ட்டில் 50 ஆம்ப் இழுக்கும். அரை மணி நேரச் சோற்றுக்கு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கரண்டில் பெரும்பகுதி போய்விடும். சோறு கேஸில் வடியுங்கள்.

சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது, எஞ்சின் கிளம்பவில்லை

இது எஞ்சின் பேட்டரி. ஸ்லைடிங் கதவு சரியாகச் சாத்தாமல் உள் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததா, போனை முன்பக்கத் துளையில் சார்ஜ் போட்டீர்களா, ஸ்டீரியோ ஓடியதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பி-யில் இருக்கிறதா என்றும் பாருங்கள், கியர் விலகியிருந்தால் டிக் சத்தமே வராது, மொத்தமாக அமைதியாக இருக்கும்.

ஜம்பர் கேபிள் கேட்டால் எந்த முகாமிலும் யாராவது கொடுப்பார்கள். ஆஸ்திரேலியர்கள் இதில் தங்கமானவர்கள், கேட்கத் தயங்க வேண்டாம். வரிசை முக்கியம். சிவப்பின் ஒரு முனை இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை உங்கள் வேனின் எஞ்சின் பக்கத்தில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி. நல்ல வண்டியை ஓடவிட்டுச் சில நிமிடம் பொறுத்து முயலுங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. கிளம்பிய பிறகு உடனே அணைத்துவிடாமல் ஒரு மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

கேபிளைத் தொட உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் வாடகைக்காரர் கொடுத்த ரோடு அசிஸ்டன்ஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் என்ஆர்எம்ஏ, விக்டோரியாவில் ஆர்ஏசிவி ஆட்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அந்த எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

கேரவன் பார்க்கில் வயரைச் செருகியும் கரண்ட் வரவில்லை, அல்லது வந்து வந்து ட்ரிப் ஆகிறது

முதலில் வயரைச் செருகும் கரண்ட் கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சைட்டுக்கும் தனி பிரேக்கர் உண்டு, முந்தின ஆள் போனதும் அணைத்து வைத்திருப்பார்கள். அதை மேலே தள்ளுங்கள். அப்புறம் வேனின் வெளிப்பக்கத் துளையில் பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, அப்புறம் வேனுக்குள் இருக்கும் சேஃப்டி சுவிட்ச். இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும்.

கேரவன் வயர் 15 ஆம்ப், அதன் எர்த் கால் சாதாரண பிளக்கைவிட அகலம், அதனால் வீட்டு 10 ஆம்ப் துளையில் நுழையாது. நுழைய வேண்டும் என்று அந்தக் காலை அரம் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள், அது சட்டவிரோதம், தீப்பிடிக்கவும் வழி. வயரைச் சுருட்டியபடியே விட்டு ஹீட்டர் ஓட்டுவதும் ஆபத்து, சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகும். முழுதாக விரித்துப் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரிப் ஆனால் அது பாரம். பல வேன்களின் உள் பிரேக்கர் 10 ஆம்ப், அதாவது சுமார் 2300 வாட். கெட்டில் ஒன்றே 2000 வாட் அளவுக்கு எடுக்கும், கூடவே ரைஸ் குக்கரைப் போட்டால் முடிந்தது. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் கழற்றியும் ட்ரிப் ஆகிறது என்றால், குறிப்பாக மழைக்குப் பிறகு என்றால், எங்கோ ஈரம் அல்லது கசிவு. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்காமல் பார்க் அலுவலகத்தில் சொல்லி வேறு கம்பத்தில் சோதியுங்கள், அங்கேயும் ஆனால் குற்றம் வேனில்.

பம்ப் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை

தொட்டி காலியா என்று முதலில் பாருங்கள், மீட்டரை நம்பாமல் மூடியைத் திறந்து. சின்ன வேன்களில் சிங்க்குக்கு அடியில் 20 லிட்டர் கேன்தான், நாலு பேர் பாத்திரம் கழுவினால் ஒரு நாள்கூட வராது. தண்ணீர் இருந்தும் வரவில்லை என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு ஒரு நிமிடம் பம்ப்பை ஓடவிடுங்கள், துப்பித் துப்பி வந்து சரியாகும். அதற்கும் வரவில்லை என்றால் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் சின்னக் கிண்ண வடிகட்டி அடைத்திருக்கும், கழற்றிக் கழுவலாம், கழுவிப் போடும்போது ரப்பர் வளையத்தை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் மறுபடியும் காற்றுதான்.

யாரும் குழாயைத் திறக்காதபோதே ராத்திரியில் பம்ப் நிமிடத்துக்கு ஒருமுறை டர் என்று ஓடினால் எங்கோ சொட்டுகிறது. தூங்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு, காலையில் சிங்க் அடியில் கையை விட்டு ஈரம் தேடுங்கள்.

சிங்க் வடியவில்லை என்றால் கழிவுநீர் கேன் நிறைந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. அதை டம்ப் பாயின்ட்டில், அதாவது வேன் கழிவு கொட்டுவதற்கென்றே இருக்கும் இடத்தில் மட்டும் கொட்டுங்கள். புல்லிலும் மழைநீர் வடிகாலிலும் கொட்டினால் நேராகக் கடலுக்குத்தான் போகும், நாம் பார்க்க வந்ததே அந்தக் கடலைத்தான்.

அடுப்பு எரியவில்லை, கேஸ் வாசனை, தலைவலி

மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன், ஆனால் மூன்றும் ஒரே அளவு அவசரம் இல்லை.

வாசனை வந்தால் எதையும் தேட வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடுங்கள், எல்லாக் கதவையும் திறங்கள், விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், வெளியே வாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், கீழ்ப் படுக்கையில் இருப்பவர்தான் முதலில் மூச்சில் வாங்குவார். வாசனை முழுதாகப் போன பிறகு சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, வால்வைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. இறுக்கியும் குமிழி நிற்கவில்லை என்றால் அந்த கேஸை அதோடு விட்டுவிடுங்கள்.

வாசனையே இல்லாமல், மூடிய வேனுக்குள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. உடனே எல்லோரையும் வெளியே இழுங்கள், யாராவது எழுந்திருக்கவில்லை என்றால் அவரை முதலில், அப்புறம் அவசர உதவி எண் 000. ராத்திரி குளிர்கிறது என்று அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் படுப்பது, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது, இரண்டும் ஆளைக் கொல்லும். இதைச் சத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நரூமாவில் பக்கத்து வேன்காரப் பையன்கள் மழைக்காகக் கரி அடுப்பை உள்ளே தூக்கிக்கொண்டு போனதை நாங்கள்தான் ஓடிப்போய்த் தடுத்தோம். மின்கலத்தில் ஓடும் சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிக் கையோடு எடுத்துப் போங்கள்.

வெறுமனே எரியவில்லை என்பது எளிது. சிலிண்டர் என்றால் வால்வை மூடி, ஒரு நிமிடம் விட்டு, மிக மெதுவாகத் திறங்கள். படாரென்று திறந்தால் சில ரெகுலேட்டர்கள் கசிவு என்று நினைத்து வரத்தை அடைத்துக்கொள்ளும். இணைப்பைக் கழற்றி மாட்டும்போது பழைய கழுத்து உள்ள சிலிண்டர்களில் மரை இடப்பக்கம், புதிய வகை கையால் வலப்பக்கம் திருகுவது, குழம்பிவிடாதீர்கள். பியூட்டேன் டப்பா அடுப்பு என்றால் டப்பாவின் வெட்டு மேலே பார்க்கிறதா, நெம்பு கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காலையில் தீ சோர்ந்து எரிந்தால் குளிர்தான் காரணம். பியூட்டேன் சைபர் டிகிரிக்கு அருகில் ஆவியாவதையே நிறுத்திவிடும், எரிய எரிய டப்பா இன்னும் குளிரும். முந்தின இரவு டப்பாவை வேனுக்குள் துணியில் சுற்றி வைத்தால் காலை காபி நேரத்துக்குக் கிடைக்கும். தீயில் காட்டிச் சூடாக்கக் கூடாது.

காலையில் கண்ணாடி முழுதும் தண்ணீர், படுக்கை ஈரம்

நாலு பேர் மூச்சு, வேறொன்றும் இல்லை. எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துப் படுங்கள், கொசுவலை உள்ள ஜன்னலாகப் பார்த்து. சமைப்பதும் கதவைத் திறந்து வைத்துத்தான்.

ஓட்டும்போது மேலே விசில் சத்தம், அல்லது வேன் ஆடுகிறது

விசில் என்றால் கூரை ஹேட்ச் (காற்றுக்காக மேலே திறக்கும் மூடி) திறந்திருக்கிறது. அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், காற்றில் பிய்ந்து போனால் முழு விலையும் உங்கள் தலையில். கிளம்பும் முன் ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் சுற்றி வருவது நல்லது: ஹேட்ச், ஜன்னல், கேஸ், ஃபிரிட்ஜ் தாழ்ப்பாள், இழுப்பறை, கரண்ட் வயர். எங்களில் ஒருவன் இதைத் தானாகவே எடுத்துக்கொண்டான், அதற்குப் பிறகு ஒரு தட்டுகூட விழவில்லை.

ஆட்டம் என்றால் முதலில் காற்று. உயரமான வண்டி, எதிரே லாரி வந்தால் தள்ளும். 80, 90க்கு இறங்கிவிடுங்கள். காற்று இல்லாமலும் ஆடினால் டயர் அழுத்தம். டிரைவர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள், கார் அளவு இதற்குப் போதாது. ஒரே பக்கமாக இழுத்தால் அந்தப் பக்க டயரில் ஆணி.

இறக்கத்தில் கருகிய வாசனை வந்தால் பிரேக் சூடேறிவிட்டது. ஸ்டான்வெல் டாப்ஸில் பால்ட் ஹில்லிலிருந்து கடலைப் பார்த்தபடி இறங்கும் சாலை அப்படிப்பட்டது. (1894இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டங்களில் தொங்கிக் காற்றில் எழும்பியது இந்த மலைக்குக் கீழே உள்ள கரையில்தான், நின்று பார்க்க வேண்டிய இடம்.) தண்ணீரும் சாமானும் நாலு பேரும் ஏறிய வேனை பிரேக்கிலேயே இறக்காமல், மேலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். அதற்குப் பிறகு வரும் 665 மீட்டர் சீ கிளிஃப் பாலத்தை நிதானமாக ரசிக்கலாம்.

உயரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷாப்பிங் சென்டர் பார்க்கிங் கம்பிகள் 2.1 மீட்டர் அளவில் தொங்கும், உயரக் கூரை ஹையேஸ் அதில் நுழையாது. கூரை அடிபட்டால் பல வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை. வேனின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

டீசல் வேனில் பெட்ரோல் போட்டுவிட்டோம்

எஞ்சினைக் கிளப்பாதீர்கள். சாவியை ஆன் வரைக்கும்கூடத் திருப்பாதீர்கள், பல வண்டிகளில் அப்போதே எரிபொருள் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, ரோடு அசிஸ்டன்ஸைக் கூப்பிட்டுத் தொட்டியை வடிக்கச் சொல்லுங்கள். வடிப்பது சில நூறு டாலரோடு போகும், ஓட்டிவிட்டால் ஆயிரக்கணக்கில் போகும். பெட்ரோல் குழல் சிறியது, டீசல் வாயில் சுலபமாக நுழைந்துவிடும், அதனால்தான் இந்தத் தவறு இந்தத் திசையிலேயே நடக்கிறது. குழலின் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

சக்கரம் புதைந்துவிட்டது

இந்த வேன்கள் பின்சக்கர ஓட்டம், நாலு சக்கர ஓட்டம் இல்லை. கடற்கரை மணலை விடுங்கள், மழை பெய்த முகாம் புல்லே போதும். சக்கரம் சுழன்று நகரவில்லை என்றால் அதே நொடியில் காலை எடுங்கள், ஒவ்வொரு சுழற்சியும் இன்னும் ஆழம். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்ணைத் தோண்டிச் சரிவாக்கி, கால் மிதியையோ உலர்ந்த குச்சிகளையோ திணித்து, வந்த வழியிலேயே பின்னால் எடுங்கள், அந்தத் தடம் ஏற்கனவே இறுகியிருக்கும். தள்ளுபவர்கள் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம், மிதி பறந்து வரும். மணலில் என்றால் டயர் காற்றைக் குறைப்பது நல்ல பலன் தரும், ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் நிரப்ப வழி இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் மண் சாலைக்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம், அதைக் கிளம்பும் முன் படியுங்கள்.

சிக்னல் இல்லை

ஈடன் தாண்டி விக்டோரியா எல்லை கடந்து கேன் ரிவர் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் காடுதான், பெரும்பகுதியில் போனில் ஒரு கோடும் இருக்காது. நாலு பேரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால் நாலும் ஒன்றாகச் சாகும், ஒருவராவது டெல்ஸ்ட்ரா வைத்திருங்கள், கிராமப்புறத்தில் அதன் வீச்சுதான் அதிகம். மேப்பை ஈடனிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், எரிபொருளும் அங்கேயே. உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 000 போகும், அதனால் முயலாமல் இருக்காதீர்கள். ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் சாட்டிலைட் வழியாகவும் அவசர உதவி கேட்கலாம்.

ஊரிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஒன்று: 2024 அக்டோபரில் இங்கே 3ஜி மூடப்பட்டது. இந்தியாவில் வாங்கிய பழைய போன்களில் சில, 4ஜி வழியாக 000 கூப்பிட முடியாதவை என்பதால், இங்கே நெட்வொர்க்கிலேயே ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. சிட்னியில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள்.

புகை வாசனை, வானம் மஞ்சள்

உங்கள் அடுப்பு இல்லை என்றால் காட்டுத்தீ. இது காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் ஹசார்ட்ஸ் நியர் மீ, விக்டோரியாவில் விக்எமர்ஜென்சி, இரண்டு செயலிகளும் போனில் இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் வேன் ரேடியோவில் ஏபிசி உள்ளூர் அலைவரிசை. மல்லகூட்டாவுக்கு நெடுஞ்சாலையிலிருந்து போக வர ஒரே சாலைதான். 2019 டிசம்பர் 31 அன்று தீ ஊரைச் சூழ்ந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீர் ஓரத்தில் ஒதுங்கினார்கள், சாலை அடைபட்டதால் பலரைக் கடற்படைக் கப்பலில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஊரின் படகுத்துறையில் நின்றபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எச்சரிக்கை நாட்களில் அந்த மாதிரி ஒற்றைச் சாலை ஊர்களுக்குள் போகாதீர்கள், உள்ளே இருந்தால் முதல் அறிவிப்பிலேயே கிளம்புங்கள்.

அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே வந்தது

நேராகப் பிரேக் போடுங்கள், வளைக்காதீர்கள். உயரமான வேன் வளைத்தால் கவிழும், மரத்தில் போய் மோதும். அடிபட்டுவிட்டால் பாதுகாப்பாக நிறுத்தி, நியூ சவுத் வேல்ஸ் என்றால் வயர்ஸ், விக்டோரியா என்றால் வைல்ட்லைஃப் விக்டோரியா, இரண்டும் வனவிலங்கு மீட்பு அமைப்புகள், கூப்பிட்டுச் சொல்லுங்கள். தாய் இறந்திருந்தாலும் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். நாங்கள் மாலை ஐந்தரைக்கு மேல் வண்டி எடுப்பதில்லை என்று இரண்டாம் நாளே முடிவு செய்தோம், அதனால் ஒன்பது நாளும் கங்காருவைக் கடற்கரைப் புல்லில் மேயும்போது மட்டுமே பார்த்தோம்.

விடிகாலையில் ஜன்னலைத் தட்டுகிறார்கள்

கவுன்சில் ரேஞ்சர், அதாவது உள்ளாட்சி அதிகாரி. கடற்கரைப் பார்க்கிங்கில் தூங்கக் கூடாது என்று பலகை இருந்திருக்கும், இருட்டில் பார்த்திருக்க மாட்டீர்கள். வாதாடாமல், மரியாதையாக மன்னிப்புக் கேட்டு உடனே கிளம்புங்கள், பல நேரம் அதோடு விட்டுவிடுவார்கள். விக்கிகேம்ப்ஸ் செயலியில் எங்கே தங்கலாம் என்று முந்தின மதியமே பார்த்து, தேசியப் பூங்கா முகாம் என்றால் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள், அங்கே போய்ப் பதியலாம் என்றால் சிக்னல் இருக்காது.

யாரும் யாரோடும் பேசவில்லை

இதுவும் பழுதுதான், நாலாம் நாள் வாக்கில் வரும். பார்த்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஒரே ஆள் ஓட்டுகிறார், ஒரே ஆள் சமைக்கிறார், ஒரே ஆள் காசு போடுகிறார். எங்களுக்கு மெரிம்புலாவில் வந்தது. "ஃபிரிட்ஜை யார்டா திறந்து வச்சது" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனது. அன்றைக்குக் கரண்ட் உள்ள பார்க்கில் இரண்டு இரவாகப் போட்டுவிட்டோம். எல்லோரும் வெந்நீரில் குளித்தோம், துணி துவைத்தோம், ஒருவன் தனியாகக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தான். ராத்திரி உட்கார்ந்து செலவைப் பங்கு பிரிக்கும் ஸ்பிளிட்வைஸ் செயலியில் கணக்கை நேராக்கினோம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுபவர் மாறுவது, ஓட்டாதவர் அன்றைக்குப் பாத்திரம் என்று வைத்துக்கொண்டோம். ஈடனில் ட்வோஃபோல்ட் பே ஓரத்தில் திமிங்கிலம் முதுகைக் காட்டியபோது நாலு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்குக் காசு கேட்கிறார்கள்

எடுத்த நாளில் வேனைச் சுற்றி, கூரை, கண்ணாடி, டயர், அடிப்பக்கம் எல்லாம் வீடியோ எடுத்திருந்தால் அதைக் காட்டுங்கள், பேச்சு அங்கேயே முடியும். எங்களிடம் இருந்தது, பம்பர் கீறல் ஒன்றுக்குக் கேட்டார்கள், தேதியோடு காட்டியதும் விட்டுவிட்டார்கள். மெல்போர்னுக்குள் நுழையும் மோனாஷ் ஃப்ரீவேயிலிருந்து நகருக்குள் போகும் சிட்டிலிங்க்கில் டோல் உண்டு, காசு வாங்கும் கூண்டு கிடையாது. லிங்க்ட் என்ற டோல் பாஸை முன்பே வாங்கி வேன் எண்ணைப் பதிந்துவிட்டால், பின்னால் வாடகைக்காரர் வழியாகக் கூடுதல் கட்டணத்தோடு பில் வராது. டீசல் ரசீதை டெபாசிட் திரும்பி வரும்வரை வைத்திருங்கள்.